குழாய்க்குள்ள இருந்த குரல்

திரும்பிப் பாத்தீங்கல்ல? நானும் பாத்தேன். "கொஞ்சம் நகந்து உக்காரும்மா"ன்னு நான் சொன்னதுதான் தாமதம், வெடுக்குனு திரும்பினீங்க. அப்புறம் ஜன்னல் பக்கம் பாத்தீங்க. அப்புறம் மறுபடியும் என்னை ஒரு பார்வை. எங்கயோ கேட்ட குரலா இருக்கு, மூஞ்சி மட்டும் பிடிபடல. அப்படித்தானே? பிடிபடாது. என் மூஞ்சியை யாரும் பாத்ததில்ல.

உங்களுக்கு என்ன வயசும்மா? முப்பத்தெட்டா. என் மக ஷர்மி வயசு. அப்ப உங்களுக்குப் பன்னெண்டு இருந்திருக்கும். புதன்கிழமை எட்டு மணிக்கு "கிணத்தடி வீடு"ன்னு ஒரு சீரியல் வருமே, பாத்திருக்கீங்களா? அட, கையைப் பாருங்க, பேரைக் கேட்டதும் புல்லரிச்சுப்போச்சு.

அதான் நான். செவந்தின்னு ஒரு பொண்ணு கிணத்துல விழுந்து செத்துப்போயிடும். அந்தக் கிணத்தை மூடி மேல வீடு கட்டிடுவாங்க. குடி வந்தவங்க குழாயைத் திறந்தா தண்ணி வராது, காத்து வரும். காத்துக்குப் பின்னாடியே அந்தப் பொண்ணு குரல் வரும். "அம்மா, தாகமா இருக்கும்மா." அம்புட்டுதான் வசனம். மெட்ராஸ்ல அப்ப எந்த வீட்டுக் குழாயில தண்ணி வந்துச்சு? எல்லா வீட்லயும் காத்துதான். ஜனங்க பயந்து செத்தாங்க. பல்லு விளக்காம படுத்த புள்ளைங்க எத்தனை பேரோ.

பேரு தனபாக்கியம். டப்பிங் பேசுறவ. நர்சுக்கு, ஹீரோயினோட தோழிக்கு, கூட்டத்துல நின்னு ஐயோ பாவம்ங்கிறவளுக்கு, அப்புறம் சின்னப் புள்ளைங்களுக்கு. சின்னப் புள்ளைங்களுக்கு முக்காவாசி எங்களை மாதிரிப் பொம்பளைங்கதான் பேசுவோம், வெளிய தெரியாது. செவந்திக்குப் பேசுறப்ப எனக்கும் முப்பத்தெட்டு. குழாய்க்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கணும்னு டைரக்டர் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் குடத்தைக் கொடுத்து, இதுக்குள்ள மூஞ்சியை விட்டுப் பேசுங்கன்னாரு. அறுபத்தஞ்சு வாரம் அந்தக் குடத்துக்குள்ளதான் என் பொழப்பு ஓடுச்சு.

இப்ப அதை யாரோ நெட்டுல ஏத்திவிட்டிருக்காங்களாம். மாடி வீட்டுப் பொண்ணு காட்டுச்சு. கீழ என்னென்னமோ எழுதியிருக்காங்க. துபாய்லேருந்து ஒருத்தர், இன்னிக்கும் குழாயைத் திறக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் தயங்குவேன்னு எழுதியிருக்காரு. இருபத்தாறு வருஷம் ஆச்சும்மா. அத்தனை பேர்ல ஒருத்தராவது அந்தப் பொண்ணுக்கு யாரு பேசினதுன்னு கேட்டிருக்கணுமே. கேக்கல. சரி விடுங்க.

நீங்க எங்க எறங்கணும்? திருவாரூரா. நான் திருத்துறைப்பூண்டி, உங்களுக்கு அப்புறம்தான். நேரம் இருக்கு, கேளுங்க. என் மக என்கிட்ட மூஞ்சி கொடுத்துப் பேசிப் பதினோரு வருஷம் ஆச்சு. அவளைப் பாக்கத்தான் போறேன். அவளை என்கிட்டேருந்து பிரிச்சது அந்த சீரியல். அந்த ஒரு வசனம். வேற யார் என்ன சொன்னாலும் நான் அப்படித்தான் சொல்லுவேன்.

ரெக்கார்டிங் தியேட்டருக்கு ஒரு கடுதாசி வந்துச்சு. "செவந்திக்குக் குரல் கொடுக்கும் அம்மாவுக்கு"ன்னு மேல எழுதியிருந்துச்சு. என் பொழப்புல எனக்குன்னு வந்த முதல் கடுதாசி அது. ஒரு வாரம் கைப்பையிலயே வெச்சுக்கிட்டுத் திரிஞ்சேன், பிரிச்சுப் பிரிச்சுப் படிச்சேன். எழுதினவங்க பேரு மங்கையர்க்கரசி. திருத்துறைப்பூண்டி. அபிராமின்னு ஒரே பொண்ணு, ஒன்பது வயசு, மூளைக் காய்ச்சல்ல போயிடுச்சு. ஆஸ்பத்திரியில வாய் வழியா எதுவும் கொடுக்கக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாலு நாளும் அந்தப் புள்ள "அம்மா, தாகமா இருக்கும்மா"ன்னே கேட்டிருக்கு. இவங்க கொடுக்கல. பஞ்சை நனைச்சு உதட்டைத் தொடைச்சதோட சரி. நாலாம் நாள் எல்லாம் முடிஞ்சுபோச்சு.

அதுக்கு எட்டு மாசம் கழிச்சு, அடுப்படியில நிக்கிறாங்க, கூடத்துல டிவி ஓடுது, அவங்க புள்ள குரல் கேக்குது. அதே வார்த்தை. கையில இருந்த பாத்திரத்தை அப்படியே போட்டுட்டு ஓடி வந்திருக்காங்க. கடுதாசியில கடைசியா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டிருந்தாங்க. "தாகம் தீர்ந்துவிட்டது என்று ஒரே ஒரு தடவை அந்தக் குரலில் எனக்குச் சொல்வீர்களா?"

நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க? நான் போன் நம்பரை எழுதிப் போட்டேன். ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குக் கூப்பிடச் சொன்னேன், அன்னிக்குத்தான் எனக்குத் தியேட்டர் வேலை கிடையாது. கூப்பிட்டாங்க. குடம் கிடம் ஒண்ணும் இல்ல, வெறும் குரல்லதான் சொன்னேன். "அம்மா, தாகம் தீந்துடுச்சும்மா." அந்தப் பக்கம் ஒரு அழுகை வந்துச்சு பாருங்க, நான் எத்தனையோ படத்துக்கு அழுதிருக்கேன், அப்படி ஒரு அழுகையை நான் அழுததில்ல. எனக்கும் தாங்கல, கண்ணுல தண்ணி வந்துடுச்சு.

அதோட விட்டிருக்கலாம்ங்கிறீங்களா? அடுத்த ஞாயித்துக்கிழமையும் போன் அடிச்சுது. பாவம், எப்படி முடியாதுன்னு சொல்றது? அவங்க பேசுவாங்க, நான் அபியாப் பேசுவேன். அபிக்குத் தயிர் ஆகாது. மூணாங்கிளாஸ் டீச்சர்னா உசிரு. அம்மா முந்தானையைக் கட்டைவிரல்ல சுத்திக்கிட்டுத்தான் தூங்கும். எல்லாத்தையும் ஒரு நோட்டுல எழுதிவெச்சுக்குவேன், தொழில் அப்படி, அரைகுறையாப் பண்ணா எனக்குத் தூக்கம் வராது. போகப் போக ஞாயித்துக்கிழமை எப்ப வரும்னு நானே பாத்துக்கிட்டிருப்பேன். சும்மா ஏன் பொய் சொல்லணும், உலகத்துல ஒருத்தராவது என் குரலுக்காகக் காத்துக்கிட்டு இருக்காங்களேன்னு எனக்கும் பெருமைதான். எங்க வீட்டுக்காரர் அப்பவே வேற குடும்பம் பாத்துக்கிட்டுப் போயாச்சு. வீட்ல நானும் ஷர்மியும்தான்.

ஷர்மி நல்ல புள்ள. ஆளு இருக்கிறதே தெரியாது. தொட்டில் காலத்துலேருந்து தியேட்டர்லயே வளந்தவ. அங்க டேக் போறப்ப சிவப்பு லைட் எரியும், எரிஞ்சா யாரும் மூச்சு விடக் கூடாது. வீட்ல லைட்டுக்கு எங்க போறது? அதனால நான் கையைத் தூக்குவேன். கையைத் தூக்கிட்டா அவ நின்ன எடத்துல நிப்பா. இருமல் வந்தாக்கூட அடக்கிக்குவா. தியேட்டர்ல எல்லாரும் மெச்சுவாங்க, புள்ளைய எப்படிப் பழக்கி வெச்சிருக்கா பாருன்னு.

ஒரு ஞாயித்துக்கிழமை, நான் போன்ல இருக்கேன். அன்னிக்கு அபியோட பொறந்தநாள். மங்கையம்மா ரொம்பக் கலங்கிப்போய் இருந்தாங்க, நானும் பாட்டெல்லாம் பாடிக்கிட்டு இருந்தேன். ஷர்மி பாத்ரூம்லேருந்து வந்து வாசப்படிகிட்ட நின்னா. மூஞ்சி வெளிறிப்போய் இருந்துச்சு. என்னமோ சொல்ல வாயைத் திறந்தா. நான் கையைத் தூக்கினேன். நின்னுட்டா. முக்கால் மணி நேரம்மா. பாவாடையைக் கையில சுருட்டிப் பிடிச்சுக்கிட்டு அப்படியே நின்னா, ஒரு சத்தம் இல்ல. நான் பேசி முடிச்சுத் திரும்பிப் பாத்தா ஆளைக் காணோம். கீழ் வீட்டு ரஹமத் அக்கா வந்து சொன்னாங்க, உம் பொண்ணு வயசுக்கு வந்துட்டா, எனக்கு என்னமோ ஆயிடுச்சு, செத்துப்போயிடுவேனான்னு என்கிட்ட வந்து அழுவுறான்னு. நான் என்ன பண்ணுவேன்? எனக்குத் தெரியாதுல்ல? அவ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அம்மான்னு ஒரு சத்தம் போட்டிருந்தா நான் போனை வெச்சிருக்க மாட்டேனா?

தலைக்குத் தண்ணி ஊத்தி, புட்டு செஞ்சு, புதுத் துணி எடுத்து எல்லாம் பண்ணேன். ஒரு குறை வைக்கல. அவதான் அதுக்கப்புறம் என்னைப் பாத்தா சிரிக்கிறதையே விட்டுட்டா. அந்த வயசுல எல்லாப் புள்ளைங்களும் அப்படித்தான்னு நெனச்சுக்கிட்டேன்.

அப்புறம் சீரியல் முடியுற நேரம் வந்துச்சு. கடைசி எபிசோட்ல கிணத்தைத் தோண்டி எலும்பை எடுத்துத் தண்ணி ஊத்துவாங்க. செவந்தி அம்மாகிட்ட விடை வாங்கிட்டுப் போயிடும். ரெண்டு பக்க வசனம். ஒரே டேக்ல ஓகே பண்ணேன். தியேட்டர்ல கை தட்டினாங்க, எனக்கு விழுந்த ஒரே கைத்தட்டல் அதான். அன்னிக்கு வீட்டுக்கு வர்றப்பவே முடிவு பண்ணிட்டேன், எந்தக் கதைக்கும் ஒரு முடிவு வேணும், மங்கையம்மாவுக்கும் அது வேணும். தவிர எனக்கும் ஞாயித்துக்கிழமையில வேலை வர ஆரம்பிச்சிருந்துச்சு.

அந்த ஞாயித்துக்கிழமை அதே வசனத்தைத்தான் பேசினேன், அங்கங்க பேரை மட்டும் மாத்திக்கிட்டேன். "நான் போறேம்மா. இனிமே என்னைக் கூப்பிடாதே. நீ கூப்பிட்டா எனக்குப் போக முடியாதும்மா." அவங்க "அபி, அபி"ன்னு கூப்பிட்டுக்கிட்டே இருந்தாங்க. நான் மெல்ல மெல்லக் குரலைக் குறைச்சு, தூரமாப் போற மாதிரிக் கொண்டுபோய், போனை வெச்சுட்டேன். அந்த மாதிரி நான் எப்பவும் பேசினதில்லம்மா. யாரும் கேக்காமப் போச்சேன்னுதான் வருத்தம். ஷர்மி கேட்டா. வாசப்படியிலதான் நின்னுக்கிட்டு இருந்தா.

இனிமே ஞாயித்துக்கிழமை பதினோரு மணிக்குப் போன் அடிச்சா எடுக்காதேன்னு அவகிட்ட சொல்லிவெச்சேன். நான் வேலைக்குப் போயிட்டேன். அப்புறம் நான் அதை மறந்தே போயிட்டேன், நெஜமாத்தான் சொல்றேன்.

அஞ்சு வருஷம். பிளஸ் டூ முடிச்சா, நல்ல மார்க்கு. மெட்ராஸ்ல இல்லாத காலேஜா? இவ திருவாரூர்ல போய்ப் படிக்கிறேன்னு நின்னா. ஏன்டி, அங்க நமக்கு யாரு இருக்கான்னு கேட்டேன். மங்கையம்மா இருக்காங்கன்னா. எனக்குத் தலையில அடிச்ச மாதிரி ஆயிடுச்சு. அஞ்சு வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை போனை எடுத்துப் பேசிக்கிட்டு இருந்திருக்கா. எனக்குத் தெரியாம. என் வீட்ல, என் போன்ல. சத்தம் போட்டேன், அறைஞ்சேன்கூட. அவ ஒரு பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா.

விடுவேனா? பின்னாடியே பஸ் ஏறினேன், இதே ரோடுதான். சந்துக்குள்ள ஓட்டு வீடு. வாசல்ல நின்னு கத்தினேன், என் புள்ளைய மயக்கி வெச்சிருக்கியே, நீ விளங்குவியான்னு. உள்ளேருந்து ஒரு ஒல்லிப் பொம்பளை வந்தாங்க. அப்பதான் அவங்களை முதல் தடவை பாக்குறேன். என் குரலைக் கேட்டதும் வாசக்காலைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டாங்க. கோவமே படல. உள்ள வாங்க, வெயில்ல வந்திருக்கீங்கன்னு சொல்லி ஒரு சொம்புத் தண்ணி கொண்டுவந்து கொடுத்தாங்க. நான் வாங்கல. என் புள்ளைய ஏமாத்தி இழுத்துக்கிட்டு வந்துட்டியேன்னு மறுபடியும் ஆரம்பிச்சேன். அப்பதான் சொன்னாங்க.

"செத்த புள்ள போன்ல பேசாதுன்னு எனக்கு முதல் நாளே தெரியும்மா. நான் பைத்தியம் இல்ல. ஒரு புள்ள அம்மான்னு கூப்புடுறத காதால கேக்கணும், அவ்ளோதான். நீங்க போயிட்டேன்னு சொல்லிட்டு வெச்சிட்டீங்க. மனசு கேக்காம அடுத்த வாரமும் பண்ணேன். சின்னப் புள்ள ஒண்ணு எடுத்துச்சு. அப்படியே அபி மாதிரி பேசுச்சு. நான் அழுவுறத கேட்டுட்டு, சொந்தக் குரல்ல, 'நான் வயசுக்கு வந்த அன்னைக்கு ரொம்பப் பயந்துட்டேன், அத யார்கிட்டயும் சொல்லல, ஒங்ககிட்ட சொல்லட்டுமா'ன்னுச்சு. சொல்லுடா கண்ணுன்னேன். அன்னையிலேருந்து அது பேசும், நான் கேப்பேன். அபி பேச்சு அப்பறம் வரவே இல்ல."

பாத்தீங்களா, எப்படிப் பேசுறாங்கன்னு? நான் பேசினது முழுக்கப் பொய்யாம், அதுவும் அவங்களுக்குத் தெரியுமாம். பதினாலு மாசம் அந்த நோட்டு முழுக்க எழுதி, உசுரைக் கொடுத்துப் பேசினவ நான். நேத்து வந்த சின்னப் புள்ள என் குரலைக் காப்பி அடிச்சு நாலு வார்த்தை பேசினதும் அவங்க பொண்ணாயிட்டா. ஊரான் புள்ளைய ஊட்டி வளத்தா தன் புள்ள தானா வளரும்பாங்க. வளரத்தான் செஞ்சா, அவங்க வீட்ல.

ஷர்மி கதவுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தா. வாடி போலாம்னேன். அவ என்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டா. "அபிக்குத் தயிர் ஆகாதுன்னு ஒனக்குத் தெரியும். எனக்கு என்ன ஆகாதுன்னு சொல்லு, வரேன்." இதெல்லாம் ஒரு கேள்வியா? நடு வாசல்ல நிக்க வெச்சுக் கேட்டா யாருக்கு ஞாபகம் வரும்? எனக்கு வரல. இன்னிக்கு வரைக்கும் யோசிச்சுப் பாக்குறேன், என்னமோ ஒண்ணு இருந்துச்சு, கத்திரிக்காயா, என்னன்னு தெரியல.

அப்புறம் அங்கயே படிச்சா, அங்கயே டீச்சர் வேலை. நல்ல நாள் பெரிய நாளுக்கு நான்தான் போன் பண்ணுவேன், நாலு வார்த்தை பேசிட்டு வெச்சுடுவா. கல்யாணத்துக்கு என்னைக் கூப்பிட்டா, போனேன். எனக்கு முன்வரிசையில நாற்காலி போட்டிருந்தாங்க, நல்ல மரியாதைதான். மேடையில தாரை வாத்துக் கொடுத்தது மங்கையம்மாவும் அவங்க வீட்டுக்காரரும். நான் சாப்பிடாம எழுந்து வந்துட்டேன். அதோட அந்த நாலு வார்த்தையும் நின்னுச்சு. பேத்தி பொறந்ததுகூட மூணு மாசம் கழிச்சு வேற யாரோ சொல்லித்தான் தெரியும். பேரு அபிராமி. இப்ப ஒன்பது வயசு. போட்டோவுலதான் பாத்திருக்கேன், மூக்கு என் மூக்கு.

ரெண்டு வாரம் முன்னாடி போன் வந்துச்சு. பதினோரு வருஷம் கழிச்சு. ஷர்மின்னு அவ சொல்றதுக்குள்ளயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு, குரல்காரிக்குத் தெரியாதா? மங்கையம்மா போயிட்டாங்க, நெஞ்சுவலி, காலையில காப்பி குடிச்சுக்கிட்டு இருந்தவங்க அப்படியே சாஞ்சுட்டாங்கன்னா. குரல் உடைஞ்சுபோய் இருந்துச்சு. என் வயித்துல பொறந்தவ, வேற ஒருத்திக்காக என்கிட்ட அழுவுறா. நான் ஆறுதல் சொல்லணும். சொன்னேன். நாளைக்குக் காரியம். முந்தாநாள் நானே போன் பண்ணி, வரட்டுமான்னு கேட்டேன். வான்னா.

வந்தா ஒரு கண்டிஷனாம். "இங்க வந்து நீ வாயைத் திறக்கக் கூடாது. பாப்பா அம்மாயியைக் கேட்டு இன்னும் அழுதுக்கிட்டே இருக்கா. நீ அவகிட்ட அம்மாயி குரல்ல பேசிடுவ. எனக்குத் தெரியும் ஒன்னை. அது மட்டும் வேண்டாம்மா. அவ அழட்டும், அழுது முடிக்கட்டும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. எப்படிம்மா கண்டுபிடிச்சா? சாவுச் செய்தி வந்த அன்னிக்கே நான் சொல்லிப் பாக்க ஆரம்பிச்சுட்டேன். யாருக்கும் தெரியாது, வீட்ல தனியாத்தான். பதினாலு மாசம் அவங்க பேச்சைக் காதோட வெச்சுக் கேட்டவ நான். அப்படியே வருது. கேளுங்களேன்.

"அபிக்குட்டி, அம்மாயி எங்கயும் போவலடா. அழுவக் கூடாது. சாப்ட்டியா, என் ராசாத்தி?"

என்னம்மா, கண்ணைத் தொடைக்கிறீங்க? நல்லா இருக்குல்ல? மூச்சு வாங்குற எடம்கூட அப்படியே அவங்கதான். குழந்தைக்கு ஒரு நிமிஷம் கேட்டா எவ்வளவு ஆறுதலா இருக்கும், அது புரியல என் மகளுக்கு.

பேச மாட்டேன்னு சத்தியம் பண்ணித்தான் பஸ் ஏறியிருக்கேன். பாப்பாகிட்ட பேச மாட்டேன், சரி. ஆனா நான் போய் வாசல்ல நிக்கிறப்ப ஷர்மி உள்ள வேலையா இருப்பா, அந்தப் பக்கம் திரும்பி நிப்பா. ஷர்மின்னு என் குரல்ல கூப்பிட்டா அவ திரும்ப மாட்டா, அது எனக்கு நல்லாத் தெரியும். மங்கையம்மா குரல்ல கூப்பிட்டா என்னம்மான்னு திரும்பிடுவா. பொய்யின்னு தெரிஞ்சாலும் திரும்பிடுவா. அந்த ஒரு என்னம்மா போதும்மா எனக்கு. அப்புறம் அவ வெளிய போன்னாக்கூட நான் போயிடுவேன்.